பிரேக் அக்காவும் விரிசல் விட்ட குழாயும்

அவளிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் அவளை "பிரேக் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. தெருவில் பூனை குறுக்கே வந்தால் அவள் கால்தான் முதலில் பாயும். ஒரே கார், ஒரே ஆசிரியை. ஊர்ப் பெண்களில் பாதிப் பேரைச் சாலைக்கு அனுப்பிவிட்டவளுக்கு மசியாதவள் கணவனின் தங்கை ஒருத்திதான். ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பது நாத்தனாரின் வேலை. ஊசி பிடித்தால் அசையாத கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் உதறும். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டிருந்தாள்.

மூன்றாவது தேர்வு ஒரு நாள் மாலையில் இருந்தது. அன்று காலையில் கடைசிப் பயிற்சி முடிந்து வீட்டு வாசலுக்கு வந்ததும் பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. தரையில் பச்சைத் தண்ணீர் ஓடியது.

"ஐயோ அண்ணி, நான் எதையாவது உடைச்சிட்டேனா?"

"நீ ஓட்டின வேகத்துக்கு முட்டைகூட உடையாதும்மா. இறங்கு."

எஞ்சின் ஆறும்வரை, அதைக் குளிர்விக்கும் கூலன்ட் தொட்டியின் மூடியைப் பிரேக் அக்கா தொடவே விடவில்லை. பிறகு டார்ச் அடித்துப் பார்த்தாள். எஞ்சினுக்குப் பின்னால் போகும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய், வெயிலில் கிடந்த வாளி மாதிரி விரிசல் விட்டிருந்தது. மெக்கானிக் ஊரில் இல்லை. கணவன் புதுக் குழாயை வாங்கி வந்து கொடுத்துவிட்டு நைசாக நழுவப் பார்த்தான்.

"எங்க ஓடுறீங்க? டார்ச்சப் பிடிங்க."

வழியை மறைத்த ஏர் ஃபில்டர் பெட்டியைப் பிரேக் அக்கா கழற்றினாள். குழாயின் முன்பக்கக் கிளிப் சுலபமாக வந்தது. பின்பக்கக் கிளிப் கண்ணுக்கும் தெரியவில்லை, அவள் கையும் அவ்வளவு தூரம் நுழையவில்லை.

"தள்ளுங்க அண்ணி." நாத்தனார் தன் ஒல்லிக் கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "நரம்பு தேடுறதும் இப்படித்தான்... இருக்கு... இதோ!" பிறகு, பழக்கதோஷத்தில், எஞ்சினைப் பார்த்துச் சொன்னாள்: "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க."

பிரேக் அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கீழே விழுந்தது. கிளிப் கழன்றதும் பழைய குழாய் பொலபொலவென்று உடைந்து, மிச்சத் தண்ணீரெல்லாம் டார்ச் பிடித்தவன் சட்டைமேல் கொட்டியது.

"நான் என்னடி பாவம் பண்ணேன்!"

உள்ளே சிக்கிய துணுக்குகளைக் கிளறி எடுத்து, புது ரப்பர் வளையத்தை நனைத்து, நாத்தனாரே குழாயைச் செருகினாள். "டக்" என்று உட்கார்ந்தது. கூலன்ட் ஊற்றி, தொட்டி மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டார்கள். காற்றுக் குமிழிகள் வந்து வந்து அடங்கின. ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

மாலையில் தேர்வு அதிகாரி, "பயமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

"காலைல இந்த வண்டி வயித்துக்குள்ள கைய விட்டவ சார் நான்," என்றாள் நாத்தனார்.

மேட்டில் நிறுத்தி எடுத்தாள், வண்டி அணையவில்லை. பின்னால் எடுத்தாள், கம்பத்தில் இடிக்கவில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டதும் அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

திரும்பும்போது சாவியை யாருக்கும் தரவில்லை.

"ஏய், வீட்டுக்குப் போற திருப்பம் போயிடுச்சு!" என்று அண்ணன் பின் சீட்டிலிருந்து கத்தினான்.

"தெரியும்ணே," என்றாள் தங்கை. பிரேக் அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கத் தொடங்கினாள்.