குளிர்கூடத்துச் சினார்

குளிர்கூடத்தில் தோட்டவேலை பார்ப்பவனுக்கு மண்வெட்டியைவிட ஸ்வெட்டர் முக்கியம். வெளியே சிங்கப்பூர் வெந்துகொண்டிருக்கும். கண்ணாடிக் கூரைக்குள் நாங்கள் வேறொரு நாட்டின் குளிரை ஏர்கோனில் தயாரித்துக்கொண்டிருப்போம். ஒரு தொட்டிச் செடியையாவது வளர்த்து, அது வாடியதும் வீட்டில் பேச்சு வாங்கியவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

என் பொறுப்பில் இருந்தது ஒரு பிளேன் மரம். காஷ்மீரில் சினார் என்பார்களே, அதுதான். இரண்டாள் உயரம். மரம் வந்த அன்றே மேலாளர் ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஒரு குளிர்காலம் கொடுத்துப் பார்ப்போம், அதன் பிறகும் தளிர்க்காவிட்டால் எடுத்துவிட்டு ஒலிவ மரம் வைப்போம்.

சொறி

சினாரின் பட்டை தானாகவே சில்லு சில்லாக உரியும். உரிந்த இடத்தில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்கு அதுதான் அழகு. நான் அதைப் பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தபோது, ஆங் மோ கியோவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த அக்கா ஒருவர், மரத்துக்குச் சொறி பிடித்திருக்கிறதே, கவனிக்கக் கூடாதா என்று கேட்டார். பட்டை விரிந்துகொடுக்காது, உள்ளே மரம் பருக்கும்போது உரிந்துதான் ஆக வேண்டும் என்று பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்:

"அதெல்லாம் சரி தம்பி, எதுக்கும் கொஞ்சம் வேப்பெண்ணெய் தடவி விடுங்க லா."

லண்டன் பிள்ளை

ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர், யாழ்ப்பாணப் பூர்வீகம். மகள் லண்டனில். அவள் தெருவில் நிற்கும் பிளேன் மரத்தின் இலை இவ்வளவு ஆழமாக வெட்டுப்பட்டிருக்காது, பெயர்ப்பலகை தப்பு என்று சண்டைக்கு வந்துவிட்டார். எனக்கோ ஒரே சந்தோஷம். இலையை இப்படிப் பார்ப்பவர் யார் கிடைக்கிறார்கள்?

பலகை சரிதான், இனம்தான் வேறு என்றேன். விரல் விரித்த மாதிரி இலை இருந்தால் கிழக்கத்திச் சினார். அகன்ற இலையில் வெட்டு மேலோட்டமாக இருந்தால் அமெரிக்க இனம். இரண்டும் கலந்து பிறந்ததுதான் லண்டன் தெருக்களில் புகையையும் இறுகிய மண்ணையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அவர் இலையைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப லண்டனில நிக்கிறது இதின்ர பிள்ளை. மகளிட்டச் சொல்லுறன்."

மொட்டை

தண்ணீரைக் குறைத்து, குளிரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். இலைகள் பழுத்துக் கொட்டின. நான் போட்ட கணக்குப்படியே நடக்கிறது என்று தலைகால் புரியவில்லை எனக்கு. ஆனால் இந்த ஊரில் இலையில்லாத மரம் என்றால் செத்த மரம். புகார்கள் குவிந்தன. குளிரைத் தணித்து மூன்று வாரமாகியும் மரம் அப்படியே நின்றது.

ஸ்டெல்லாவைக் கிளையருகே கூட்டிப்போனேன். மற்ற மரங்களில் மொட்டு வெளியே தெரியும். சினாரில் இலைக்காம்பின் அடி, தொப்பி மாதிரி மொட்டை மூடியிருக்கும். இலை விழுந்தால்தான் வெளிச்சம் பார்க்கும் என்று காட்டினேன். நகத்தால் கீறினேன், உள்ளே பச்சை. அவர் குனிந்து நன்றாகவே பார்த்தார்.

"எனக்குப் புரியுது அண்ணே. டிக்கெட் வாங்கிட்டு வர்றவங்களுக்குப் புரியணுமே. வெள்ளிக்கிழமை எடுத்துடலாம்."



தேக்கா குளிர்காலம்

மரம் மொட்டையாக நின்றபோது கழித்த குச்சி ஒன்றை, ஸ்டெல்லாவிடம் கேட்டுக்கொண்டு, தேக்கா சந்தையில் மாலைக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி செல்வத்துக்குக் கொடுத்திருந்தேன். குளிர்காலம் வேண்டுமே என்றதற்கு, கடையிலேயே இருக்கிறது என்று மல்லிகை வைக்கும் சில்லர் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டான். தீபாவளி நெருங்க, அவன் மனைவி கவிதா அதை வெளியே எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை செல்வம் படம் அனுப்பினான். குச்சியில் இரண்டு குட்டி இலைகள்! ஓடினேன். கவிதா மாலை கட்டும் கையை நிறுத்தவே இல்லை.

"மல்லிக்கே எடம் பத்தல, குச்சிக்கு ஏர்கோனா? எடுத்துட்டுப் போங்க, எனக்கு வாளி வேணும்."

தளிர்

எம்ஆர்டி ரயிலில் குச்சியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலை அதை ஸ்டெல்லாவின் மேசையில் நிறுத்தினேன். இதே மரத்தின் கிளை. தேக்கா வெயிலில் சீக்கிரம் விழித்துவிட்டது, நம்முடையது குளிரில் மெதுவாக விழிக்கும் என்றேன். பத்து நாள் தந்தார்.

ஒன்பதாம் நாள் உச்சிக்கிளையில் மொட்டு வெடித்து, வெள்ளைப் பூனைமயிரோடு ஓர் இலை எட்டிப்பார்த்தது. என் கல்யாணத்தன்றுகூட நான் அப்படி நிமிர்ந்து நிற்கவில்லை. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டெல்லா கடைசியாக வந்து அண்ணாந்து பார்த்தார்.

"'இது செத்த மரமில்லை'ன்னு ஒரு போர்டு செய்ங்க அண்ணே. வருஷா வருஷம் மாட்டணும், நல்ல பலகையா பாத்துச் செய்ங்க."

சினார் வளர்க்க ஆழமான மண், நல்ல வெயில், தாராளமாகத் தண்ணீர், ஒரு குளிர்காலம் இருந்தால் போதும். சிங்கப்பூரில் வளர்க்க, கூடவே மேலாளரிடம் வாதாட ஒரு நல்ல வாயும் வேண்டும்.