மேலே நின்றவன்

அருவியில் கயிறு கட்டி ஆட்களை இறக்கும் வேலையில் எத்தனையோ விதிகளை நோட்டீசில் அச்சடித்துக் கொடுப்பார்கள். உண்மையான விதி ஒன்றுதான். கீழே தடாகத்தில் நிற்பவனின் உயிர் மேலே நிற்பவனிடம் இருக்கிறது. கீழே இருப்பவனுக்கு மலை தெரியாது, வானம் ஒரு துண்டுதான் தெரியும், இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. மேலேயிருந்து வரும் விசில் மட்டும் கேட்கும். எங்கள் குழுவில் மேலே நின்றவன் நான். கீழே நின்றவர் என் தங்கையைக் கட்டிய மச்சான்.

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தின் எல்லையில் இருக்கிறது அந்த மலையிடுக்கு. ஆறு நான்கு இடங்களில் விழுந்து விழுந்து இறங்கும். சின்ன வயதில் விறகுக்குப் போய் அதன் பாறைகளெல்லாம் எனக்கும் மச்சானுக்கும் அத்துப்படி. அங்கே போனதற்காக நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல. பிறகு ஒரு முதலாளி வந்தார், கயிறும் ஹெல்மெட்டும் இரும்புக் கொக்கிகளும் கொடுத்தார், எங்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்தார். அன்றிலிருந்து அதே பாறைகளுக்குச் சாகசம் என்று பெயர். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அட்டை கடித்துவிட்டால் ஆஹா ஊஹூ என்று படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். என் அம்மாவை வாழ்நாள் முழுக்க அட்டை கடித்தது, ஒருவரும் படம் எடுக்கவில்லை.

எங்கள் விசிலில் இரண்டே சேதிகள். சின்னதாக இரண்டு தடவை ஊதினால், ஆள் இறங்கப்போகிறார், தடாகத்துக்குள் வந்து நில் என்று பொருள். நீளமாக ஒரு தடவை ஊதினால், எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரையேறு. அந்த விசிலை மச்சான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. மழை இருட்டுகிறது, இன்று இதோடு போதும் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரர் என்னைக் கண்டபடி ஏசினார். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் என் வேலையைப் பறித்துவிடுவதாக மிரட்டினார். போங்க சார், உயிரோட போய்ப் பறிங்க என்று சொல்லிக் கயிற்றைச் சுருட்டினேன். அன்றிரவு அதைச் சொல்லிச் சொல்லி மச்சான் சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது எங்கள் தோட்டத்து மேனேஜர், பெரிய துரை. மூன்று கூட்டாளிகளோடு, அரைக் காற்சட்டை போட்டுக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்களைப் போலத்தான் வந்தார். நான் தோட்டத்தில் சம்பளம் வாங்குகிற ஆள்கூட இல்லை. ஒருநாளும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் அவருடைய பெரட்டுக் களத்தில் போய் வேலைக்கு நின்றவனில்லை. ஆனாலும் அவர் வாகனத்தை விட்டு இறங்கியதும் என் கை தானாக மேலே போய் என் ஹெல்மெட்டைக் கழற்றியது. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இன்றைக்கும் வயதான பெண்கள் துரையின் வாகனம் வந்தால் கொட்டும் மழையிலும் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோர வடிகானுக்குள் இறங்கி நிற்பார்கள். அதைப் பார்த்து எரிந்து விழுகிறவன் நான். ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன், துரை பேசி முடிக்கும்வரை அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன்.

மூன்று அருவிகள் நல்லபடியாக முடிந்தன. நான்காவதுதான் பெரியது. மச்சான் வழக்கம்போல முதல் ஆளாகக் கீழே இறங்கி, கரைப் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். நான் மேலே கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது தண்ணீரைப் பார்த்தேன். சற்றுமுன் தண்ணீருக்குள் என் சப்பாத்து தெரிந்தது. இப்போது தெரியவில்லை. வெறுந்தேநீர் நிறத்தில் கலங்கி, ஓரத்தில் நுரை கட்டி, பச்சை இலைகள் மிதந்து வந்தன. எங்கள் தலைக்கு மேல் வெயில்தான் அடித்தது. மலையுச்சியில் மழை ஊற்றுகிறது என்று அர்த்தம். இடப்பக்கம் ஏறினால் பத்து நிமிடத்தில் தேயிலை மலைக்குள் போய்விடலாம். நீளமாக ஒரு விசில் ஊதிவிட்டு எல்லோரையும் கூட்டிப் போயிருக்க வேண்டும். விசில் கழுத்தில்தான் தொங்கியது.

"தொரை, தண்ணி நெறம் மாறுதுங்க" என்றேன்.

துரைமார் கற்றுக்கொள்ளும் தமிழில் கட்டளைகள் மட்டும்தான் இருக்கும். "என்ன பயம்? ஒண்ணு தானே இருக்கு. பத்து நிமிசம். கயித்தைப் போடு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சரிங்க தொரை."

யோசித்துச் சொன்ன வார்த்தையில்லை. பயந்து சொன்னேன் என்றாலும் பொய்தான். அவர் என்னை என்ன செய்துவிட முடியும்? என் பிழைப்பு அவர் கையில் இல்லை. அம்மா சொன்னது, அப்பா சொன்னது, லயமே சொன்னது, அது என் நாக்கில் தயாராக இருந்திருக்கிறது, வந்துவிட்டது. பிறகு விசிலை எடுத்துச் சின்னதாக இரண்டு தடவை ஊதினேன்.

கீழே மச்சான் பாறையிலிருந்து இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து தடாகத்தின் நடுவுக்கு வந்தார். கையை உயர்த்திக் காட்டினார். நான் சொன்ன இடத்தில், துரையை ஏந்திக்கொள்வதற்காக நின்றார்.

துரை உடனே இறங்கவில்லை. கூட்டாளியிடம் கைப்பேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். அருவி பின்னால் தெரிய வேண்டும் என்றார், திரும்பி நின்றார், முகம் சரியில்லை என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். அவ்வளவு நேரமும் மச்சான் குளிர்ந்த தண்ணீரில் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அப்போதுதான் மேலே கல் உருளும் சத்தம் கேட்டது. நான்கு பேரையும் இழுத்து இடப்பக்கக் கரையில் தள்ளினேன். நுரையீரலில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்து நீளமாக ஊதினேன். மச்சான் திரும்பி இரண்டு எட்டுதான் வைத்தார். வெள்ளம் அவரைத் தூக்கி இரண்டு பாறைகளுக்கு நடுவில் அடித்துச் செருகியது.

லயத்து ஆட்கள் கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஏறினார்கள். துரை தன் ஜீப்பைக் கொடுத்தார். கொடுத்ததைக் கொடுத்தார் என்று சொல்லத்தான் வேண்டும். மச்சான் பிழைத்தார். வலது முழங்கால் பிழைக்கவில்லை. இனி அது மடங்காது, மலையேறும் வேலையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் துரை பார்க்க வந்தார், பிஸ்கட்டும் ஒரு டப்பா மால்ட்டும் கொண்டுவந்தார். அவர் லயத்து வாசலில் தலை குனிந்து நுழைந்ததும் மச்சான் என்ன செய்தார் தெரியுமா? கட்டுப்போட்ட காலோடு கட்டிலை விட்டு எழுந்து நிற்கப் பார்த்தார். தங்கை தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஆனால் நானும் சுவரோரமாகக் கை கட்டி நின்றுகொண்டுதான் இருந்தேன்.

துரை என்னைப் பார்த்து, "நீ வேணாம் சொன்னா நான் நிப்பாட்டி இருப்பேன் தானே? நீ சரி சொன்ன தானே?" என்றார்.

"ஆமாங்க தொரை" என்றேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

அவர் போனதும் தங்கை பிஸ்கட்டைத் தொடாமல் என்னையே பார்த்தாள். "அண்ணே, நெசமா நீ வேணாம்னு சொல்லலையா?"

மச்சான் என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசட்டும், கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கட்டும் என்று மனதார வேண்டினேன். அவர் காலைக் கையால் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டார்.

"அவன ஏன் கேக்குற? நான் மேல நின்னிருந்தாலும் சரிங்கன்னுதான் சொல்லியிருப்பேன். தொரைகிட்ட வேற என்னத்த சொல்றது?"

தங்கை அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பதில் அவளுக்கும் போதுமானதாக இருந்தது. தேநீர் வைக்க எழுந்து போனாள்.