வருடப் பிறப்பன்று எறிந்த யூரியா

வேட்டியை மடித்துக் கட்டி, காலில் பனிச் சப்பாத்து போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு சேற்றில் நின்று யூரியா எறிகிற மனிதரைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு இன்றைக்கும் வருவதில்லை. அவர் என் மனைவியின் தமையன்.

கனடாவில், மொன்றியல் தீவுக்கு வடக்கே ஒரு வயதான பிரெஞ்சு மதாமின் புல்வெளியை நாங்கள் இருவரும் குத்தகைக்கு எடுத்திருந்தோம். புல்லும் குளோவர் என்ற மூவிலைச் செடியும் கலந்து வளர்கிற நிலம். வெட்டிக் காயவைத்து ஆடு வளர்ப்பவர்களுக்கு விற்பது எங்கள் திட்டம். அதை நம்பி நான் புவாண்ட்-கிளேர் கிடங்கு வேலையை விட்டிருந்தேன். மதாமுக்கு ஒரே நிபந்தனைதான்: குளோவர் அழிந்தால் அடுத்த வருடம் நிலம் கிடையாது. குளோவர் தனக்கு வேண்டிய நைட்ரஜனைத் தன் வேரிலேயே தேடிக்கொள்ளும். அது நன்றாக நிற்கிற வெளிக்கு யூரியாவே தேவையில்லை. குறைந்துபோனால் மட்டும், முதல் வெட்டு முடிந்த பிறகு, கொஞ்சம் போடலாம். வசந்தத்தில் அள்ளிப் போட்டால் புல் கொழுத்து, குளோவரை வெயில் காணவிடாமல் மூடிவிடும். இதை மச்சானுக்குச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றியது.

"சித்திரை வருசத்தண்டு உரம் கையில எடுக்காட்டி அது என்ன கமம்? நல்ல நேரம் பாத்து வச்சிருக்கிறன்," என்றார்.

"மச்சான், பனி இப்பதான் கரைஞ்சது. நிலம் சொதசொதவெண்டு கிடக்கு."

"நீங்கள் மதாமைக் கேளுங்கோ. நான் பஞ்சாங்கத்தைக் கேக்கிறன்."

அவர் கையிலிருந்த யூரியா வாளியைப் பிடித்து இழுத்தேன். மனைவி குறுக்கே வந்தாள். "இஞ்சேருங்கோ, வருசம் பிறக்கிற நாளில அண்ணையோட கொழுவிச் சண்டை பிடிக்காதேங்கோ." நல்ல நேரம் முடிவதற்குள் வாளி காலியாகிவிட்டது.

அன்று பின்னேரமே மழை. பாதி யூரியா வாய்க்காலோடு போனது, மீதியைப் புல் தின்றது. வைகாசி முடிவதற்குள் வெளி கரும்பச்சையாக இடுப்புயரம் நின்றது. மச்சான் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, சொந்தக்காரர் எல்லாம் கைதட்டினார்கள். அந்தப் பச்சையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்த மழையில் புல் அப்படியே சாய்ந்து படுத்தது. அடியில் எல்லாம் மஞ்சளும் வழுவழுப்பும், ஊறிய சாக்கின் நாற்றமும்.

மதாம் வந்தார். குனிந்து புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். வெளுத்துப்போன ஒற்றைக் குளோவர்த் தண்டு கையோடு வந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு, என்னிடம் பிரெஞ்சில் இரண்டு வசனம் சொன்னார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"என்னவாம்? நல்லா வந்திருக்கெண்டுறாவோ?"

"குளோவர் செத்துப் போச்சாம். அடுத்த வருசம் காணி இல்லையாம்."

இப்போதாவது தலை குனிவார் என்று பார்த்தேன். வெளியை ஒருமுறை சுற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"கண்ணூறு. ஆரோ கண் வச்சிட்டினம். படம் போட்டிருக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்ததும் மனைவி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அவர் தலையைச் சுற்றி, அடுப்பில் காய்ந்த தாச்சியில் போட்டாள். குசினியெல்லாம் புகை.

"பாத்தியே, மிளகாய் எரிஞ்சும் தொண்டையில காறலே இல்லை. காறாட்டி அது சரியான கண்ணூறுதான்," என்றார் தங்கையிடம்.

நான் பக்கத்து அறையில் கிடங்கு மேற்பார்வையாளரைத் தொலைபேசியில் பிடித்து, பழைய வேலை இன்னும் இருக்கிறதா என்று அந்தப் புகையில் இருமி இருமிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.