வேல்சாமியின் மணலும் அருமைநாயகத்தின் புல்லும்

அருமைநாயகம் என்ற பெயரைக் கேட்டாலே வேல்சாமிக்கு வாயிலிருக்கும் வெற்றிலை கசந்துவிடும். அந்தப் பெயரைத் திருவனந்தபுரத்து கோல்ப் மைதானத்தில் மாதத்துக்கு நாலு தரமாவது யாராவது சொல்லித் தொலைப்பார்கள். மலையில் எஸ்டேட்காரர்களின் கிளப்புக்கு ஆடப் போய்விட்டு வரும் மெம்பர்கள், பையை இறக்கி வைப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார்கள். "அருமைநாயகம் வளர்த்த புல்லு இருக்கே, அடடா!" அவர்கள் காலணியைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பவர் இந்த மைதானத்தின் ஹெட் மாலி, அதாவது தலைமைத் தோட்டக்காரர் வேல்சாமி என்பது யாருக்கும் நினைவிருக்காது.

இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே வேலைக்குச் சேர்ந்தவர்கள். கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த வேல்சாமியும், பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவப் பையனான அருமைநாயகமும் ஐம்பத்திரண்டாம் வருஷம் இந்த மைதானத்தில் அரிவாளோடு குனிந்தார்கள். வேல்சாமி இரண்டு வயது மூத்தவர். அதனால் அவன் இவரை அண்ணே என்பான். ஆறு வருஷம் கழித்து மலையிலிருந்து ஒரு துரை வந்து, மாலி வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றான். வேல்சாமிக்கு அன்று காய்ச்சல். அருமைநாயகம் போனான். அந்தக் காய்ச்சலை வேல்சாமி இன்றுவரை மன்னிக்கவில்லை.

இங்கே பந்தை உருட்டிக் குழியில் தள்ளும் இடத்தில் புல் கிடையாது. மணல் வட்டம்தான். கரமனை ஆற்று மணலைச் சலித்து, பஸ் டிப்போவில் வடித்த பழைய எண்ணெயைக் கலந்து, மிதித்துப் பரப்பிச் சாக்கை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். எண்ணெய் கூடினால் பந்து ஒட்டும், குறைந்தால் காற்றில் மணல் பறக்கும். மழை நாளில் ஒரு பதம், மீன மாதக் கடும் வெயிலில் ஒரு பதம். அந்தப் பதம் வேல்சாமியின் உள்ளங்காலுக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு தடவை நடந்தால் போதும், எந்த இடத்தில் ஒரு கை மணல் போடவேண்டும் என்று சொல்லிவிடுவார். இதை இருபது வருஷத்தில் ஒரு மெம்பரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எழுபத்துமூன்றாம் வருஷம் தெற்கத்தி கிளப்புகள் ஆறு சேர்ந்து ஒரு மலர் போட முடிவு செய்தன. ஆறு மைதானங்களில் எது முதல், எது கடைசி என்று அதில் ஒரு பட்டியல் வர வேண்டும். பட்டியலை எப்படிப் போடுவது என்பதில்தான் சண்டை. திருவனந்தபுரம் கிளப் வராந்தாவில் அந்தச் சண்டை மூன்று மாதம் நடந்தது. ஒரு பக்கம் கரமனை அக்ரஹாரத்து ரிட்டயர்ட் எஞ்சினியர் சூடாமணி ஐயர். மறுபக்கம் கிளப் செக்ரட்டரியான டாக்டர் ஞானசிகாமணி. நடுவில் இரண்டு தம்ளர் நாரங்கா வெள்ளம், நம்மூர் எலுமிச்சைச் சர்பத்து. கீழே ஒன்பதாம் குழியில் சாக்கை இழுத்துக்கொண்டிருந்த வேல்சாமிக்குக் காது மட்டும் வராந்தாவில் இருந்தது.

"அழகுக்குப் பத்து மார்க்கா? அந்த மலையை அவாளா பண்ணினா? பகவான் பண்ணி வச்சது. அதுக்கு எதுக்குங்காணும் மார்க்?" என்றார் எஞ்சினியர்.

"பின்னே மனுஷன் அங்க எதுக்குப் போறான்? டேப் வச்சு நீளம் அளக்கவா?" என்றார் டாக்டர். "ஆடி முடிச்சுட்டு வரும்போது, நாளைக்கும் வரணும்னு தோணணும். அதுதான் மார்க்கு."

"போன மாசம் நீர் அங்கே ஜெயிச்சீர். அதான் தோணித்து. தோத்திருந்தா அதே இடத்தை மாட்டுத் தொழுவம்னு சொல்லியிருப்பீர்."

டாக்டர் நாரங்கா வெள்ளத்தைக் குடித்தார். எஞ்சினியர் அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டார். ஆடுகிறவன் மார்க் போடக் கூடாது. ஜெயித்தவன் ஏற்றிப் போடுவான், தோற்றவன் இறக்கிப் போடுவான். பராமரிக்கிறவன்தான் போட வேண்டும். ஒரு கிளப்பின் ஹெட் மாலி இன்னொரு கிளப்புக்குப் போய்ப் பார்த்து, பத்துத் தலைப்பில் பத்துப் பத்து மார்க் போட்டு, உறையை ஒட்டிக் கொடுத்துவிட வேண்டியது. ஆறு கிளப்பும் ஒப்புக்கொண்டன. யார் எங்கே போவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். வேல்சாமிக்கு மலை வந்தது. இங்கே வர அருமைநாயகத்துக்கு விழுந்தது.

அன்று சாயங்காலம் டாக்டர் வேல்சாமியின் காது கேட்கவே சொன்னார். "மூணாம் இடத்துக்குக் கீழே போனோம்னா இந்த மணலையெல்லாம் அள்ளிக் கொட்டிட்டுப் புல்லு போட்டுடலாம். அந்த அருமைநாயகத்தையே ஹெட் மாலியா கொண்டு வந்திடலாம்." வேல்சாமி இழுத்த சாக்கு அப்படியே நின்றுவிட்டது. அவனுக்குக் கீழே, அவன் சொல்லி, தான் குனிவதா? அதைவிட விழிஞ்ஞத்தில் போய் மீன் கூடை சுமக்கலாம் என்று தோன்றியது.

தை மாதத்தில் மலைக்குப் போனார். அருமைநாயகம் பஸ் நிறுத்தத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி எலிசாள் சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். குளிருமே என்று தன் கம்பளியையே கொடுத்தான். அந்தக் கம்பளிகூட நல்ல கம்பளியாக இருந்தது வேல்சாமிக்குப் பொறுக்கவில்லை.

காலையில் மைதானத்தில் இறங்கியவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் குழியின் புல்லில் கால் வைத்தார். அவ்வளவுதான். உள்ளங்கால் பொய் சொல்லுமா? எங்கும் ஒரு மேடில்லை, ஒரு பள்ளமில்லை. நனைந்த துணியை விரித்துத் தடவிவிட்டது போல இருந்தது. வேல்சாமி பன்னிரண்டாம் குழி வரைக்கும் குறை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத ஒவ்வொரு குழிக்கும் வயிறு கூடுதலாக எரிந்தது. தனக்கு மட்டும் அன்றைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால், இந்தப் புல் தன் கையில் வளர்ந்திருக்கும், அவன் கீழே மணல் மிதித்துக்கொண்டிருப்பான்.

தாளை எடுத்து, தரை என்ற தலைப்புக்கு நேரே மூன்று போட்டார். தண்ணீர் வடிகால் இரண்டு. ஒழுங்கு நாலு. சொறிந்துகொள்வது போல ஒரு சுகம். கூட்டினால் மொத்தம் முப்பத்தெட்டு. உறையை ஒட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். திரும்பும்போது ஏழாம் குழி ஓரத்தில் கை அகலத்துக்கு ஒரு புல் பத்தை கண்ணில் பட்டது. மற்ற இடத்தில் புல் நைசாக இளம்பச்சையாகக் கிடக்க, இது கரும்பச்சையாகத் திமுதிமுவென்று நின்றது. இதுதான் நல்ல ஜாதி போலிருக்கிறது, ஓரத்தில் நாற்றுக்கு வளர்க்கிறான் என்று மணல்காரர் முடிவு கட்டினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வேரோடு தோண்டி, ஈரத் துண்டில் சுற்றிக் குடைக்குள் திணித்துக்கொண்டார். மூன்று மார்க் போட்ட புல்லைத் திருடிக்கொண்டு ஒரு மனுஷன் மலையிறங்கினான் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். வேல்சாமிக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

வந்ததும் உறையை எஞ்சினியரிடம் கொடுத்தார். புல்லை ஒன்பதாம் குழியின் மணல் வட்டத்தைச் சுற்றி நட்டார். அருமைநாயகம் வரும்போது பார்க்கட்டும், புல் தனக்கும் வளரும் என்று தெரிந்துகொள்ளட்டும் என்ற வீம்பு. திருடிய பொருளை உடையவனுக்கே காட்டுகிறோமே என்ற யோசனை வராமல் இல்லை. புல்லில் என்ன பெயரா எழுதியிருக்கிறது என்று அதை அடக்கிவிட்டார். வீட்டில் ஆவுடைத்தாயிடம் மட்டும் பெருமையாகச் சொன்னார், மலைப் புல் என்று.

"அவரு கொடுத்தாரா?" என்றாள் ஆவுடைத்தாய்.

"கேக்காமலே கெடச்சுது" என்றார். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒரே மாதத்தில் புல் இரண்டு முழம் ஓடியது. மாசிக் கடைசியில் அருமைநாயகம் வந்தான். மணல் வட்டம் ஒவ்வொன்றிலும் அவனும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தான். ஒன்பதாம் குழியில் நின்றான். குனிந்து ஒரு தண்டைக் கிள்ளி, கணுவை நகத்தால் பிளந்து பார்த்தான்.

"அண்ணே, இது எனக்க ஏழாங்குழில கெடக்கிய பீடையில்லா?"

வேல்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எரு லாரில வந்து ஒட்டிக்கிட்ட சனியன். மூணு வருஷமா பிடுங்குதேன், போவ மாட்டேங்கு. இங்க மணலுக்குள்ள இறங்கிச்சுன்னு வையுங்க, ரெண்டு மழையில ஒம்பது வட்டத்தையும் கொன்னுபோடும்." பிறகு மெதுவாகச் சொன்னான், "கேட்டிருந்தா நல்ல புல்லு ஒரு சாக்கு தந்திருப்பேனே, அண்ணே."

இரண்டு அறை விட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியோடு உட்கார்ந்துவிட்டான். உச்சி வெயில் ஏறும்வரை இரண்டு பேருமாக வேர் வேராகக் கிளறி, மணலைக் கையால் சலித்து, ஒரு கணுவும் மிச்சமில்லாமல் எடுத்துக் கொளுத்தினார்கள். அருமைநாயகம் கையைக் கழுவிக்கொண்டு மார்க் தாளை நிரப்பினான். உறையை எஞ்சினியரிடம் கொடுத்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டான். இனி அவன் எத்தனை மார்க் போட்டிருப்பான் என்று வேல்சாமிக்குச் சந்தேகமே இல்லை. தானாக இருந்தால் ஐந்துகூடப் போட்டிருக்க மாட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வராந்தாவில் உறைகளைப் பிரித்தார்கள். வேல்சாமியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினியர் முதலில் இந்த மைதானத்தின் தாளை வாசித்தார். தரை, அதாவது மணல் வட்டம், பத்துக்கு ஒன்பது. பராமரிப்பு ஒன்பது. மொத்தம் எழுபத்தொன்று. கீழே அருமைநாயகம் தன் கையால் ஒரு வரி எழுதியிருந்தான். 'மணலை இவ்வளவு அறிந்த வேறு ஆள் எனக்குத் தெரியாது.'

இருபது வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை. அதை அவன் சொல்லியிருக்கிறான். வேல்சாமிக்குச் சந்தோஷம் வரவில்லை, பொறாமைதான் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பீடையைப் பார்த்த பிறகும் இவனால் எப்படி ஒன்பது போட முடிந்தது? அந்த மனசு நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று? புல்லையாவது குடைக்குள் வைத்துக் கொண்டுவரலாம். இதை எங்கே போய்த் தோண்டுவது?

எஞ்சினியர் ஆறு தாளையும் முடித்தார். இந்த மைதானம் இரண்டாவது. மலை கடைசி.

"தரைக்கு மூணா?" டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் அங்க வருஷாவருஷம் ஆடுறேன். மூணுன்னா யாராவது நம்புவானா?"

"உமக்கு மலை கண்ணை மறைக்கிறது. இது தொழில் தெரிஞ்சவன் போட்ட மார்க்" என்றார் எஞ்சினியர், தன் முறை ஜெயித்த பூரிப்பில். "என்ன வேல்சாமி, உன் கண்ணால பார்த்துதானே போட்டே?"

ஆமாம் என்று ஒரு சொல். சொல்லிவிட்டால் வேலை நின்றது, மணல் நின்றது, அருமைநாயகம் வரமாட்டான். வேல்சாமியின் வாய் அந்தச் சொல்லுக்காகத் திறந்தது.

"பார்த்தது பத்து, சாரே. போட்டது மூணு."

"ஏன்டா?"

"அசூய, சாரே. வேற ஒண்ணுமில்ல."

எஞ்சினியர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். பிறகு டாக்டர்தான் விழுந்து விழுந்து சிரித்தார். எஞ்சினியருக்கு வேல்சாமி பொய் சொன்னதைவிடத் தன் முறை பொய்த்துப்போனதுதான் தாங்கவில்லை. பொய் மார்க் போட்டவனின் மைதானத்துக்குப் பட்டியலில் இடமில்லை என்று அவரே விதி எழுதினார். மலருக்கு மலையை முதலாவதாகப் போட்டு ஐந்து மைதானங்களின் பட்டியல் போயிற்று. டாக்டர் அன்றைக்கே அருமைநாயகத்துக்குக் கடிதம் எழுதினார், ஹெட் மாலியாக வரச் சொல்லி.

இரண்டு வாரம் வேல்சாமி ஒழுங்காகச் சோறு தின்னவில்லை. பதில் வந்த அன்று டாக்டர் அவரைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துக் காட்டினார். அங்கே மணலுக்கு ஆள் இருக்கிறார், வேல்சாமி அண்ணனுக்கு மேலே வந்து நிற்க எனக்கு மனசில்லை, புல் போடுவதாக இருந்தாலும் அவரே போடட்டும், நான் சொல்லித் தருகிறேன் என்று எழுதியிருந்தான். டாக்டர் கடிதத்தை மடித்துக்கொண்டே, "பிழைச்சுப் போ" என்றார்.

வேல்சாமி அங்கேயே எண்பத்துமூன்றில் ஓய்வு பெறும்வரை ஹெட் மாலியாகத்தான் இருந்தார். ஆனால் அந்தக் கடித நாளன்று, வேலை தப்பித்த மனுஷன் போலவா வீட்டுக்கு வந்தார்? வலியசாலைக்குப் பின்னால் இருந்த லைன் வீட்டுக்குள் நுழைந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஆவுடைத்தாய் என்ன விஷயம் என்று கேட்டாள். புல் திருடியதிலிருந்து கடிதம் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பாத்தியாட்டீ, நல்லவனா இருக்குறதுலயும் அவன்தான் ஃபர்ஸ்ட்டு."

ஆவுடைத்தாய் அவர் முன்னால் தட்டை வைத்தாள்.

"அப்போ ரெண்டாவதாவது வரப் பாருங்க" என்றாள்.