இரண்டு கதவுக் கல்யாணக் கார்

1986 ஆவணி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு சுவிஸின் வின்டர்தூரில் குகனின் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. ஓர்லிகோனில் கல்யாண மண்டபம்; தூரம் இருபது கிலோமீற்றர். குகன் மாப்பிள்ளை, நான் தோழன். காரை ஓட்டி வந்த கெல்லர், நான் கோப்பை கழுவும் உணவகத்தில் தினமும் மதியம் சாப்பிடுகிற ஓய்வுபெற்ற மெக்கானிக். வாடகை வேண்டாம், பெற்றோலுக்கு முப்பது பிராங்கு போதும் என்று சொல்லிவிட்டார்.

இந்தக் காரைப் பிடித்தவன் நான்தான். காரணம் ஒரு கடிதம். மணமகள் வதனியின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தார்: சண்டைக்குள் எங்களால் வர முடியாது, பிள்ளை மாப்பிள்ளையோடு காரில் புறப்படுகிற படம் ஒன்று, இரண்டு முகமும் தெரிய எடுத்து அனுப்பினால் போதும். எடுத்துத் தருவதாகப் பதில் போட்டவன் நான். அதற்காகவே இருப்பதில் பெரிய காராகத் தேடினேன். 1971ஆம் வருட மொன்டே கார்லோ, கரும்பச்சை. மூக்கே ஒரு கட்டில் நீளம். நீளம் பார்த்தேன், நிறம் பார்த்தேன், கதவை எண்ணவில்லை. எங்கள் ஊரில் கல்யாணக் கார் என்றால் நான்கு கதவு. அதையெல்லாம் யார் எண்ணிப் பார்ப்பார்கள்?

முன் சீற்றை மடித்துப் பின்னால் நுழைந்தோம். குகனின் தலைப்பாகை கூரையில் இடித்தது.

"மச்சான், இது காரோ கோழிக்கூடோ?" என்று கேட்டுக்கொண்டே அதைக் கழற்றி மடியில் வைத்தான்.

வழியெல்லாம் கெல்லர் சரித்திரம் சொன்னார். அமெரிக்காவில் முதலில் வந்தது தண்டர்பேர்ட், இருவருக்கான கார். 1958இல் அதற்குப் பின் சீற் வைத்தார்கள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பிறகு ரிவியேரா, எல்டொராடோ, கடைசியில் நடுத்தரக் குடும்பமும் எட்டிப் பிடிக்கக்கூடிய மொன்டே கார்லோ. எழுபத்து மூன்றில் எண்ணெய் விலை ஏறியதும் இந்தக் கார் ராசாக்களெல்லாம் மெலியத் தொடங்கிவிட்டார்கள் என்று பெருமூச்சு விட்டார். நான் பின் கதவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பதினொன்றே முக்காலுக்குத் தாலி கட்டி முடிந்து வெளியே வந்தோம். ஒரு மணிக்கு மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கமெராவில் மூன்று படம்தான் மிச்சம்.

வதனி கூறைச்சேலையோடும் மாலையோடும் மடித்த முன் சீற்றைத் தாண்டி ஒரு காலைப் பின் சீற்றுப் பக்கம் வைத்தாள். கொசுவம் அவிழப் பார்த்தது. சட்டென்று இறங்கிவிட்டாள்.

"ஏலாது அண்ணை," என்றாள். கண் கலங்கியிருந்தது.

ஏறினாலும் பயனில்லை. காரின் கூரையைத் தாங்கும் பின்பக்கத் தூண் அவ்வளவு அகலம். ஒரு முகமும் படத்தில் விழாது.

என்ன விஷயம் என்று கெல்லர் கேட்டார். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஊரையே ஏற்றிப்போக இந்தக் காரைச் செய்யவில்லை. ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும்தான் செய்தார்கள்," என்று சாவியை எடுத்துக் குகனிடம் நீட்டினார். சொந்த மகனுக்கே கொடுக்காத சாவி அது. சலவைக்கடை வான் ஓட்டுகிற குகன் போன மாதம்தான் சுவிஸ் லைசென்ஸ் எடுத்திருந்தான்.

இருவரும் முன்னால் ஏறினார்கள். குகனின் சின்னம்மா விடவில்லை. "தாலி கட்டினாப் பிறகு பொம்பிளை இடப்பக்கமெல்லோ இருக்கவேணும்?"

"இஞ்சை ஸ்ரியறிங்கே இடப்பக்கம்தானே மாமி!" என்றாள் வதனி.

கியர் தானாக மாறும் கார் அது; குகனின் இடது கால் இல்லாத கிளச்சைத் தேடிப் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது, மாலைகள் முகத்தில் அடித்தன, இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். அப்போது கமெராவை அமுக்கினேன்.

கெல்லரும் நானும் ரயிலில் திரும்பினோம். மண்டபத்தில் ஏற்றிய எங்கள் குத்துவிளக்கை அவர் மடியில் வைத்துப் பிடித்திருந்தார். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துப் பார்த்து, "பிள்ளை மெதுவாக ஓட்டுவானா?" என்று இரண்டு தரம் கேட்டார். வின்டர்தூரில் குகன் வீட்டு வாசலில் கார் கீறலில்லாமல் நின்றது. அவர் அதை ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் விளக்கை என்னிடம் தந்தார்.

ஐப்பசியில் வதனியின் அப்பாவிடமிருந்து பதில் வந்தது. படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தார்களாம். பிள்ளை இப்படிச் சிரித்துக் கன காலமாம். அடியில் ஒரு வரி: "பின் சீற் வெறுமையாகத் தெரிகிறது. நாங்கள் வந்தால் இரண்டு பேருக்கு இடம் காணுமோ?"

மதியம் உணவகத்தில் அதைக் கெல்லருக்குச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"காணும் என்று எழுது," என்றார். "தலைப்பாகை மட்டும் வேண்டாம்."