இறக்கத்தில் நிற்கும் கார்

பழைய டீசல் கார் ஒன்றைப் பார்க்கத் தேவாரம் போனேன். விற்பவர் வாழைத் தோட்டக்காரர். நரைத்த மீசை, தூக்கம் கெட்ட கண்கள். டீக்கடைக்குப் போனபோதும், ஸ்டார்ட் ஆகாவிட்டால் உருட்டிவிடலாமே என்று இறக்கம் தேடியே காரை நிறுத்தினார்.

"பேட்டரி சரியில்லையா?" என்றேன்.

"நல்லாத்தேன் இருக்கு. ஒருநாளும் தள்ளுனதில்ல."

"பெறகு ஏன் விக்கிறீக?"

"டீசல் வண்டியில ஒண்ணு போனாலும் பெருஞ்செலவுன்னு எல்லாரும் சொன்னாக. எப்பப் போகும், எப்பப் போகும்னு காத்துக்கெடந்தே அலுத்துப்போச்சு. இந்தப் பாவி வண்டி கெடவும் மாட்டேங்குது."

நானே வாங்கினேன். இன்றுவரை ஒரு குறையும் இல்லை. அல்லிநகரத்தில் என் வீட்டு வாசல் சமதரை. அதனால் இரண்டு தெரு தள்ளி, இறக்கத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருகிறேன். இப்போதாவது அவர் தூங்குவார் என்று நினைக்கிறேன்.