உள்ளே போன அன்னம்

போன வாரம் பீரோ மேலிருந்த தேக்குப் பெட்டியை இறக்கும்போது கீல் கழன்று, மூடி தனியாகக் கையோடு வந்துவிட்டது. உள்ளேயிருந்து பாச்சை உருண்டை வாசனையும், அதற்கும் அடியிலிருந்து லேசாகத் தேக்கு வாசனையும் வந்தன. ஸ்க்ரூ டிரைவர் தேடப் போன நான் தொண்ணூறுகளுக்குப் போய்விட்டேன்.

அப்போது ஆரணியில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை பட்டுத் தறி. சேத்துப்பட்டில் பெண் முடிவானதும், எஸ்.டி.டி பூத்தில் நின்று அந்தப் பெண் மல்லிகாவிடம் வாயை விட்டேன். "நிச்சயப் புடவைய அட்டைப் பெட்டியில தரமாட்டேன். என் கையால மரப்பெட்டி செஞ்சி, மூடியில அன்னம் பதிச்சித் தரேன்." கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடும்போது மனுஷனுக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லத் தோன்றும். அவள் அதை நம்பி சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். அடுத்த போனில், "தறிக்காரருக்கு உளி புடிக்கத் தெரியுமாடின்னு எங்க அத்தை சிரிக்கிறாங்க. என் மானத்தக் காப்பாத்துங்க" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்த பாஷா, கட்டில் செய்யும் பட்டறையில் இருந்தான். அவனைப் பிடித்தேன். மரத்தில் பித்தளைக் கம்பியால் அன்னம் பதிக்கும் வேலை அவனுக்கும் புதுசு. ஆக இருவரும் சேர்ந்துதான் பலகைகளைப் பாழாக்கினோம். முதலில் மூலை. ஆணியே இல்லாமல், ஒரு பலகையில் புறா வால் மாதிரி விரிந்த பற்களும் மற்றதில் அதற்கேற்ற பள்ளங்களும் வெட்டிக் கோக்க வேண்டும். நான் வெட்டிய பல் ஆடு ஆடென்று ஆடியது.

"டேய், இது பட்டு இல்ல, இழுத்து சரிபண்றதுக்கு. கோட்ட விட்டு வெளிய அறு. அப்பால உளியால சீவிகினே வா" என்றான்.

மூன்றாவது தடவை மரக் கொட்டாப்புளியால் தட்டியதும் டொக்கென்று உட்கார்ந்தது. நான் சாப்பாட்டை மறந்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அன்னத்துக்கு, மெல்லிய உளியால் கோடு கீறி, பித்தளைக் கம்பியை அதில் தட்டி இறக்கி, அரத்தால் சமமாக உரச வேண்டும். கழுத்து வளைவில் கம்பி எகிறிக்கொண்டே இருந்தது. நெருப்பில் காட்டி ஆறவிட்டால் சொன்னபடி கேட்கிறது என்பதை ஒரு முழம் கம்பியும் பாஷாவின் மீசையில் கொஞ்சமும் போன பிறகு கண்டுபிடித்தோம்.

நிச்சயத்துக்கு முதல் நாள் பாஷா தொழுகைக்குப் போன நேரத்தில் கீலை நானே மாட்டினேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தறியில் சேலையின் முகம் எப்போதும் கீழே பார்த்திருக்கும். நெய்கிறவன் பார்ப்பது அதன் முதுகை. பூ சரியாக விழுந்திருக்கிறதா என்று அடியில் கண்ணாடி பிடித்துத்தான் பார்ப்போம். நல்ல பக்கம் கீழே என்பது கையில் ஊறிய பாடம். கை அதையே செய்தது. அன்னத்தைக் கீழே கவிழ்த்து, கீலை முடுக்கி, துணியில் சுற்றினேன். மேலே வெறும் மரம் தெரிந்தது எனக்கு வித்தியாசமாகவே படவில்லை!

சேத்துப்பட்டு மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் துணியை விலக்கியபோதுதான் உறைத்தது. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். அங்கே பாஷா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடி, அன்னம் அன்னம்னு சொல்லிகினு இருந்த? மொட்டையா கீது!" என்றார் அத்தை.

மல்லிகா மூடியைத் திறந்தாள். ஒரு நொடி பார்த்தாள். "உள்ள கீது அத்தே. வெளிய இருந்தா கண்டவங்க கை படும்னு எனக்காக உள்ள வெச்சிகிறாரு."

சாப்பாட்டுப் பந்தி கலைந்ததும் மல்லிகா என்னிடம், "வேணும்னுதான உள்ள வெச்சீங்க?" என்று கேட்டாள். "பின்ன?" என்றேன், கூசாமல்.

தறி போய்விட்டது, நெய்கிறவன் காலை விட்டு மிதிக்கும் தறிப் பள்ளத்தை மூடி டைல்ஸ் போட்டாயிற்று. அந்த பூத் செல்போன் கடையாகி, அதுவும் மூடிக் கிடக்கிறது. தறிக்கு அடியில் பிடித்த கண்ணாடியில் இப்போது சவரம் செய்துகொள்கிறேன். பொய் ஒன்றுதான் பத்திரமாக இருந்தது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மல்லிகா வந்து எட்டிப் பார்த்தாள்.

"இப்பவாச்சும் சரியான பக்கம் மாட்டுங்க."

"தெரியுமா?"

"அன்னிக்கே பாஷா அண்ணன் சொல்லிட்டாரு."

இத்தனை வருஷமாக வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மூடியைத் திறந்து காட்டி, "எனக்காக உள்ள வெச்சாரு" என்று முகம் மாறாமல் சொன்னவள் அவள்தான். நான் அன்னத்தை மறுபடியும் உள்ளே பார்த்து வைத்து, கீலை முடுக்கினேன்.